குன்னூர்ல ஆறு நாள்: ஈப்போக்காரி பிரிட்ஜ் ஆடப் போன கதை

முதல் நாள்

"எதுக்குங்க குன்னூர் போறீங்க, சுத்திப் பாக்கவா?"ன்னு எதிர் சீட்டு கோயம்புத்தூர் அம்மா கேட்டாங்க. நானும் யோசிக்காம "அக்கா வீடு இருக்குங்க, அப்படியே பிரிட்ஜ் ஆடலாம்னு"ன்னு சொல்லிட்டேன். அவங்க ஜன்னலுக்கு வெளிய ஒரு பார்வை பாத்துட்டு, "இந்த லைன்லயே 250 பிரிட்ஜ் இருக்குதுங்க, எண்ணீட்டே வாங்க"ன்னாங்க. நான் சொன்னது பிரிட்ஜ்ங்கற சீட்டாட்டத்த, அவங்க சொன்னது பாலத்த. கிண்டலா நிஜமான்னு இன்னைக்கு வரைக்கும் தெரியல.

மேட்டுப்பாளையத்துல காலைல 7.10க்கு ஏறுனது. நேத்து கோலாலம்பூர்ல இருந்து திருச்சி, திருச்சியில இருந்து கார், ராத்திரி லாட்ஜ்ல மூட்டப்பூச்சியோட கொஞ்சம் தூக்கம், அதனால கண்ணு எரிஞ்சுது, ஆனா கல்லார் தாண்டினதும் தூக்கம் எங்க போச்சுன்னே தெரியல. என்ஜின் முன்னாடி இழுக்காம பின்னாடி நின்னு தள்ளுது, தண்டவாளத்துக்கு நடுவுல பல்லு வச்ச பட்டை, அதுல சக்கரம் கடிச்சு கடிச்சு ஏறுது. 1899-ல குன்னூர் வரைக்கும் போட்டாங்க, ஊட்டி வரைக்கும் போகறதுக்கு 1908 ஆயிருச்சு. 16 குகை. ஒவ்வொரு குகைக்கும் பசங்க கத்துறாங்க, நானும் ரெண்டு குகைக்கு கத்துனேன், 58 வயசுல யாரு என்ன கேக்கப் போறா.

என்னப் பத்தி தெரியாதவங்களுக்கு: ஊரு மலேசியாவுல ஈப்போ. தாத்தா பால்மரம் சீவ வந்தவரு, நாங்க மூணாவது தலைமுறை. 1969க்கு அப்புறம் வேலை பெர்மிட் பிரச்சினை வந்தப்ப பெரியப்பா குடும்பத்தோட ரஜுலா கப்பல் ஏறி இந்தியா வந்துட்டாரு. அந்தப் பெரியப்பா மக தான் குன்னூர் அக்கா. அத்தான் வேற கதை, அவரு பொறந்தது இலங்கை மலைநாட்டுல ஹட்டன், 1964 சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்துல இந்தியாவுக்குன்னு எழுதுன குடும்பம், சின்னப் பையனா வந்து இறங்கி அப்புறம் இங்கயே அரசு தேயிலைத் தோட்டத்துல வேலை பாத்து ரிட்டயர் ஆனவரு. ஆக வீட்ல மூணு பேரு, மூணு மலை, ஒருத்தர் பேசுற தமிழ் இன்னொருத்தருக்கு கொஞ்சம் காமெடி. நான் "பசியாறிட்டீங்களா"ன்னு கேட்டா அக்கா மக விழுந்து விழுந்து சிரிக்கிறா.

சாயங்காலம் பக்கத்து வீட்டு அக்கா டீ குடிக்க வந்தாங்க. நாளைக்கு என்ன ப்ரோகிராம்னாங்க, "சீட்டு ஆடப் போறேன்"னு சொல்ல வந்தவ வாய் குழறி "சீட்டுக்குப் போறேன்"னுட்டேன். உடனே நிமிந்து உக்காந்துட்டாங்க. "எவ்ளோ ரூபா சீட்டு? எத்தன மாசம்? யாரு புடிக்கிறா?" எங்க ஊர்ல அதுக்குப் பேரு கூட்டு, அதனால எனக்கு புரியவே ரெண்டு நிமிஷம் ஆச்சு. புரிஞ்சு, இல்லீங்க, சீட்டுக்கட்டுன்னு கைய விரிச்சு காட்டுனதும் அவங்க மூஞ்சி மாறிருச்சு பாருங்க. ஏலச்சீட்டு புடிச்சா கௌரவம், சீட்டாட்டம்னா குடும்பம் நடுத்தெரு. அக்கா அவசரமா "அது மூளைக்கு வேலை குடுக்குற ஆட்டம், காசு எல்லாம் வைக்க மாட்டாங்க"ன்னு சமாளிச்சா. அத்தான் பேப்பர் படிச்சுக்கிட்டே, ரம்மியே திறமை ஆட்டம்னு சுப்ரீம் கோர்ட்டே 1968-ல சொல்லிருச்சு, அந்த தீர்ப்புலயே பிரிட்ஜ தான் உதாரணம் காட்டுனாங்கன்னு எடுத்து விட்டாரு. பக்கத்து வீட்டு அக்கா தீர்ப்ப ஏத்துக்கல.

ரெண்டாம் நாள்

கிளப் பேரு போட வேணாம்னு நெனைக்கிறேன், காரணம் கீழ வருது. தகரக் கூரை, மரத்தரை, கணப்பு, சுவத்துல மங்கிப்போன குரூப் போட்டோ. ஈப்போவுல இருக்குற நம்ம கிளப்போட அக்கா தங்கச்சின்னு சொல்லலாம், வெள்ளக்காரன் எங்க போனாலும் ஒரே கட்டடத்த தான் கட்டியிருக்கான்.

வாசல்ல இருந்தவரு என் மூஞ்சிய பாக்கல, காலப் பாத்தாரு. செருப்பு. ஷூ இல்லாம உள்ள விட முடியாதாம். பாஸ்போர்ட் காட்டுனேன், செகரட்டரி அனுப்புன மெயில் காட்டுனேன், மனுஷன் செருப்ப விட்டு கண்ண எடுக்கல. ஜூன்ல இருந்து மெயில் போட்டுக்கிட்டு இருக்கோம், ஒருத்தராவது ஷூவப் பத்தி ஒரு வரி எழுதியிருக்கலாம்ல. ஆட்டோ புடிச்சு வீட்டுக்குப் போய் அக்கா மகளோட ஷூ, ஒரு சைஸ் சின்னது, அத மாட்டிக்கிட்டு நொண்டிக்கிட்டே திரும்பி வந்தா முதல் போர்டு ஆரம்பிக்க ரெண்டு நிமிஷம்.

பார்ட்னர் இல்லாம வர்ற விருந்தாளிக்குன்னே ஒரு ஆள் வச்சிருக்காங்க. ரிட்டயர்டு கணக்கு டீச்சர், படுகர், கோத்தகிரி ரோட்டுல ஒரு ஹட்டி (படுகர் ஊரு), ரெண்டு ஏக்கர் தேயிலை. 80க்கு மேல இருக்கும். வெள்ளப் புடவை, ஸ்வெட்டர், கழுத்த சுத்தி மஃப்ளர். போன வாரம் தான் ஹெத்தையம்மன் பண்டிகைக்கு போய்ட்டு வந்த அசதி இன்னும் போகலன்னாங்க. உக்காந்ததும், "என்ன சிஸ்டம் ஆடுவேம்மா?"

பிரிட்ஜ் தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. நாலு பேரு, எதிரெதிரா உக்காந்தவங்க ஜோடி, ஆளுக்கு 13 சீட்டு. ஆளுக்கு ஒரு சீட்டு போடுற ஒரு சுத்து தான் ஒரு ட்ரிக். முதல்ல ஏலம், நம்ம ஜோடி எத்தன ட்ரிக் எடுப்போம், எது துருப்புன்னு. ஏலம் வாயால கேக்குறது இல்ல, டேபிள்ல ஒரு சின்ன டப்பா இருக்கும், அதுல இருந்து அட்டைய எடுத்து வைக்கணும். மொத்தமே 38 அட்டை தான் பாஷை: 35 ஏலம், அப்புறம் பாஸ், டபுள், ரீடபுள். இந்த 38 சொல்ல வச்சுக்கிட்டு என் கையில என்ன இருக்குன்னு எதிர்ல இருக்கறவங்களுக்கு சொல்லணும், எல்லாரும் கேக்க, ஒளிவு மறைவு இல்லாம. கிளப்ல டூப்ளிகேட் முறை, அதாவது ஒரே சீட்ட எல்லா டேபிளும் ஆடும், அதனால கை நல்லா வரலன்னு அழ முடியாது, அதே கைய வச்சு அடுத்த டேபிள்காரன் என்ன பண்ணான்ங்குறது தான் மார்க்கு.

அஞ்சு நிமிஷத்துல சிஸ்டம், அதாவது எந்த ஏலத்துக்கு என்ன அர்த்தம்னு, பேசி முடிச்சோம். அஞ்சு சீட்டு மேஜர், ஸ்டேமன், டிரான்ஸ்பர், பிளாக்வுட், ஒரு நோ ட்ரம்ப்னா, அதாவது துருப்பே இல்லாத ஏலம்னா, 15ல இருந்து 17 பாயிண்ட் (ஏஸுக்கு 4, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2, ஜாக்கிக்கு 1). மத்ததெல்லாம் ஹெத்தையம்மன் பாத்துப்பா.

நானும் தலைய ஆட்டுனேன். ஏழாவது போர்டு. கையில 13 பாயிண்ட், அழகா சமமா பிரிஞ்ச கை. கை தானா போச்சு, ஒரு நோ ட்ரம்ப் அட்டைய எடுத்து வச்சுட்டேன். ஈப்போவுல நாங்க ஆடுறது இங்கிலீஷ்காரன் விட்டுட்டுப் போன முறை, 12ல இருந்து 14. இருவத்தி ரெண்டு வருஷப் பழக்கம். அட்டை டேபிள தொட்ட அப்புறம் தான் உறைச்சுது, அப்ப எடுக்க முடியாது, மூஞ்சியிலயும் காட்டக் கூடாது, அது தப்பு. டீச்சர்கிட்ட 10 பாயிண்ட். என்கிட்ட 15ஆவது இருக்கும்னு கூட்டிப் பாத்து நேரா மூணு நோ ட்ரம்ப். 23 பாயிண்ட்ட வச்சுக்கிட்டு ஒம்போது ட்ரிக் எடுக்கணும். ரெண்டு ட்ரிக் குறைஞ்சு மைனஸ் 200, அந்த போர்டுல கடைசி.

டீச்சர் ஒண்ணுமே சொல்லல. என் கைய விரிச்சு வச்சத ஒரு தடவ பாத்தாங்க, அவ்ளோ தான். எல்லாம் முடிஞ்சு டீயும் வர்க்கியும் வந்தப்புறம், வர்க்கிய டீயில நனச்சுக்கிட்டே, "ஏம்மா, உங்க ஊர்ல பதினஞ்சு எப்படி எண்ணுவீங்க?"

எங்க ஜோடி மார்க்கு 44 சதவீதம். கால் பெருவிரல் கொப்புளம்.

ஆனா ராத்திரி படுத்தப்புறம் மார்க்கு ஞாபகம் வரல, வேற ஒண்ணு தான் ஓடிக்கிட்டே இருந்துச்சு. ஈப்போ கிளப்ல நான் ஒருத்தி தான் தமிழ். மத்த எல்லாரும் சீனவங்க, நல்ல சிநேகிதங்க, டேபிள்ல இங்கிலீஷ், சண்டை வந்தா காண்டோனீஸ். ஆட்டம் முடிஞ்சு "நீ ஏன் அத போட்ட, நான் ஏன் இத போட்டேன்"னு அலசுவோம்ல, அத நான் இது வரைக்கும் தமிழ்ல பண்ணதே இல்ல. இன்னைக்கு டீச்சர் "அந்த கிளாவர் ராணிய அப்பவே தள்ளியிருக்கணும், ஆட்டின்ல அவன்கிட்ட சில்லறை தான்"னு சொன்னப்ப எனக்கு எங்க தாத்தா குரல் கேட்டுச்சு. ஆட்டின், கிளாவர், ஜாக்கி, சில்லறை. லயத்து வாசல்ல சாக்கு விரிச்சு ஆடுன ஆளுங்க சொல்லு அது எல்லாம். நாப்பத்தஞ்சு வருஷம் கழிச்சு வேத்து நாட்டுல வந்து கேக்குறேன்.

மூணாம் நாள்

ஊட்டி. காலைல புல்லு மேல உறைபனி, சக்கரை கொட்டுன மாதிரி. அத்தான் வண்டி உள்ளூர் நம்பர், அதனால இ-பாஸ் இல்லாம போயிட்டோம். கூட்டம். ஏரியில போட்டுக்கு நிக்கிற க்யூவ பாத்துட்டு நான் வண்டியவிட்டே இறங்கல. தொட்டபெட்டா 2,637 மீட்டர், மேல போனா பனிமூட்டத்த தவிர ஒண்ணும் தெரியல, நம்ம கேமரன் மலை மாதிரியே காசு குடுத்து மேகம் பாக்குறது.

ஒண்ணே ஒண்ணு. ஸ்னூக்கர் இருக்குல்ல, அதோட சட்டம் எழுதி மாட்டுனது ஊட்டி கிளப்ல தானாம், 1880கள்ல. ஆட்டத்த ஆரம்பிச்சது 1875-ல ஜபல்பூர்ல, நெவில் சேம்பர்லைன்னு ஒரு ராணுவ அதிகாரி, பிரதமர் ஆனவரு இல்ல, அதே பேர்ல வேற ஆளு. மழைக்காலத்துல வெளிய போக முடியாத வெள்ளக்காரனுக்கு வேற என்ன வேல. நம்ம பிரிட்ஜ் பொறந்ததும் இதே மாதிரி தான், 1925-ல ஒரு கப்பல்ல, பொழுது போகாம வேண்டர்பில்ட்ங்கற அமெரிக்க பணக்காரர் இப்ப நாம ஆடுற மார்க்கு முறைய உக்காந்து எழுதுனாரு.

நாலாம் நாள்

பனிமூட்டம், கொப்புளம், தூக்கம். பஜாருக்குப் போய் சொந்தமா ஒரு ஷூ வாங்குனேன். "மனமகிழ் மன்றம்"னு ஒரு போர்டு பாத்தேன், அத்தான்கிட்ட என்னன்னு கேட்டா "அது தான் பக்கத்து வீட்டு அக்கா பயப்படுற எடம்"னாரு.

அஞ்சாம் நாள்

இன்னைக்கு தான் எழுதணும்னு கை துறுதுறுங்குது.

அஞ்சு டேபிள், டேபிளுக்கு அஞ்சு போர்டு, மொத்தம் 25. டீச்சர் வந்ததும் ஒரு சின்ன பேப்பர் துண்ட என் பக்கம் தள்ளுனாங்க, "15-17"னு பெருசா எழுதி கீழ கோடு. ஆட்டம் ஆரம்பிக்குறதுக்கு முன்னாடியே கிழிச்சு பையில போட்டுட்டாங்க, ஆட்டத்துல துண்டுச்சீட்டு வச்சுக்கக் கூடாது. வாத்தியார் வாத்தியார் தான்.

பதினாறாவது போர்டு. டீச்சருக்கு இடது பக்கம் ரிட்டயர்டு மிலிட்டரிக்காரர், எடுத்த எடுப்புலயே மூணு டைமன். அப்படின்னா கையில டைமன் ஏழு, மத்ததுல ஒண்ணும் இல்ல, எங்க ஏலத்த கெடுக்கப் பாக்குறாருன்னு அர்த்தம். என்கிட்ட 14 பாயிண்ட், டபுள் போட்டேன், உங்க இனத்த சொல்லுங்கன்னு அர்த்தம். டீச்சர் நாலு ஆட்டின், அதாவது ஆட்டின் துருப்பு, பத்து ட்ரிக். அதுக்கப்புறம் நான் டம்மி, சீட்ட விரிச்சு வச்சுட்டு சும்மா உக்காரணும். என் கையில ஸ்பேடு ராஜா 9 2, ஆட்டின் ஏஸ் 9 4, டைமன் மூணும் சில்லறை, கிளாவர் ஏஸ் ராஜாவோட ரெண்டு சில்லறை. "தேங்க்யூ பார்ட்னர்"னாங்க. நல்ல டம்மிக்கும் நாத்தம் புடிச்ச டம்மிக்கும் அவங்க சொல்றது ஒரே குரல்ல தான்.

மிலிட்டரிக்காரர் டைமன் ஏஸ், டைமன் ராஜா. ரெண்டு போச்சு. மூணாவது டைமன டீச்சர் துருப்பால வெட்டுனாங்க. துருப்பு ரெண்டு சுத்து இழுத்தாங்க, ரெண்டு பக்கமும் ரெண்டு ரெண்டு விழுந்து காலி. இனி பத்து ட்ரிக் உறுதி, காண்ட்ராக்ட் ஆச்சு. ஆனா டூப்ளிகேட்ல ஆச்சுங்கறது போதாது, எல்லாருக்கும் ஆகும், பதினொண்ணாவது எங்கங்கறது தான் கேள்வி. ஸ்பேடுல டீச்சர்கிட்ட ஏஸ், ஜாக்கி, பத்து, டம்மியில ராஜா, ஒம்போது. ராணி மட்டும் வெளிய. இடதா வலதா? பாதிப் பேரு இங்க காச சுண்டிப் பாக்குறவங்க, நானும் அதுல ஒருத்தி.

டீச்சர் ஸ்பேடு பக்கமே போகல. கிளாவர் ஏஸ், கிளாவர் ராஜா, மூணாவது கிளாவர வெட்டு. மூணுக்கும் மிலிட்டரிக்காரர் கிளாவர் போட்டாரு. டைமன் ஏழு, ஆட்டின் ரெண்டு, கிளாவர் மூணு, பன்னெண்டு. இன்னும் ஒரே ஒரு சீட்டு தெரியணும். ஆட்டின் ஒம்போதுக்கு டம்மிக்கு வந்து நாலாவது கிளாவரையும் வெட்டுனாங்க. அதுல ஒரு ட்ரிக்கும் கூடப் போறது இல்ல, எண்ணுறதுக்காக மட்டும். அவரு டைமன தூக்கிப் போட்டாரு. அப்ப அந்த பதிமூணாவது சீட்டு ஸ்பேடு, ஒண்ணே ஒண்ணு. கையில இருந்து பத்த எடுத்து டம்மி ராஜாவுக்கு விட்டாங்க, அவரோட ஒத்த ஸ்பேடு விழுந்துச்சு, சில்லறை. டம்மியில இருந்து ஒம்போது, வலது பக்கத்து ஆளு சின்னது போட்டாரு, டீச்சர் ஜாக்கிய மெதுவா வச்சாங்க, சந்தேகமே இல்லாம, கரும்பலகையில விடைய எழுதி கீழ கோடு போடுற மாதிரி.

450. மத்த நாலு டேபிள்லயும் அதே நாலு ஆட்டின், 420. முப்பது மார்க்கு தான் வித்தியாசம், ஆனா போர்டு எங்களுக்கு முழுசா. மிலிட்டரிக்காரர் "எப்படி மேடம்?"னாரு. "நீங்க தானே ஏழு டைமன்னு முதல்லயே சொல்லிட்டீங்க"ன்னாங்க டீச்சர். 2018 ஜகார்த்தா ஆசியப் போட்டியில இந்தியாவுக்கு பிரிட்ஜ்ல தங்கம் வாங்கிக் குடுத்த ஜோடியில ஒருத்தருக்கு 60 வயசு, இன்னொருத்தருக்கு 56, அப்ப எல்லாரும் வாயப் பொளந்தாங்க. இந்தம்மாவ யாரும் பாக்கலன்னு நெனச்சேன்.

56 சதவீதம், மூணாவது எடம். முடிஞ்சு வெளிய கிளம்புனா கேட்டுக்குப் பக்கத்துல ரெண்டு காட்டுமாடு, இருட்டுல கால் முட்டிக்குக் கீழ மட்டும் வெள்ளையா தெரியுது, வெள்ள சாக்ஸ் போட்ட மாதிரி. ஷூ ரூல் அதுங்களுக்கும் போலன்னு நான் சொன்னதுக்கு வாசல்காரர் கூட சிரிச்சுட்டாரு. யாரும் பதறல. மறுபடியும் உள்ள போய் விளக்கப் போட்டு, அது நகர்ற வரைக்கும் நாலு கை சும்மா ஆடுனோம். அந்த நாலு கையில தான் நான் ஒரு நோ ட்ரம்ப் சரியா ஏலம் போட்டேன், 16 பாயிண்ட், கணக்குல சேராது.

ஆறாம் நாள்

நாளைக்கு கீழ இறங்கணும். ராத்திரி அத்தான் அலமாரியில இருந்து ஒரு பழைய கட்டு எடுத்தாரு, "உன் வெள்ளக்கார ஆட்டம் போதும், 304 ஆடுவியா?" ஹட்டன் ஆட்டம். 7க்கு கீழ எல்லாம் தூக்கிட்டா 32 சீட்டு. ஜாக்கிக்கு 30, ஒம்போதுக்கு 20, ஏஸ் 11, பத்து 10, ராஜா 3, ராணி 2, ஒரு இனத்துக்கு 76, நாலு இனம் 304. நாலாவது ஆள் வேணும். அக்கா போய் கூப்புட்டு வந்தது யாரன்னு நெனைக்கிறீங்க, பக்கத்து வீட்டு அக்கா. அவங்களும் இலங்கைல நாவலப்பிட்டி பக்கமாம், அப்பா மடியில உக்காந்து கத்துக்கிட்டதாம். இத்தன நாள் மூச்சு விடல. சீட்டாட்டம் தப்பாச்சேன்னு கேட்டா "304 சீட்டாட்டமா? இது குடும்ப ஆட்டம்"ங்குறாங்க.

நானும் அத்தானும் ஒரு ஜோடி. நான் பந்தாவா ஏஸ எறக்குனேன், பக்கத்து வீட்டு அக்கா ஒம்போத வச்சு வாரிக்கிட்டாங்க. அடுத்த கையிலயும் அதே. மூணாவது தடவ ராஜா போட்டு பத்துகிட்ட மாட்டுனப்ப அத்தான் சீட்ட கீழ வச்சுட்டு, "உங்க ஊர்ல ஜாக்கிய வேலைக்காரன்னு வச்சிருக்கீங்களா?"

கணக்கு எழுத பேப்பர் தேடுனோம், கிடைக்கல. பக்கத்து வீட்டு அக்கா அவங்க சீட்டு நோட்ட கொண்டு வந்து கடைசிப் பக்கத்துல எழுதுனாங்க, அவங்க பக்கம் கோடு கோடா ஏறுது, எங்க பக்கம் காலி. பதினோரு மணிக்கு நோட்ட மூடப் போனவங்க முன் பக்கத்த திருப்பி எதையோ எண்ணிப் பாத்துட்டு, "மலேசியா தங்கச்சி, ரெண்டாயிரம் ரூபா சீட்டுல ஒரு ஆள் குறையுது, சேந்துக்கிறியா?"ன்னு கேட்டாங்க.